அடுப்பு மூட்டாத தெரு

வாழைக்காய் மண்டி வெள்ளைப்பாண்டி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "எங்க சாமியைக் கூட்டிட்டு வாரேன். சுயம்பு ஏன் செத்தான்னு அவர் சொல்லுவார்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார்.

சுயம்பு கல்யாணத்துக்கு நின்ற பையன். கோயில் கொடை விழாவுக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவன், கையில் பிடித்த கயிற்றோடு சுருண்டு விழுந்தான். அவ்வளவுதான். முந்தின நாள் அடக்கம் முடிந்தது. அவன் அம்மா இசக்கியம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள், பேசவுமில்லை, பச்சைத் தண்ணீர் குடிக்கவுமில்லை. இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று வெள்ளைப்பாண்டிக்குப் பயம்.

சாமி வந்தார். சீடரான வெள்ளைப்பாண்டியைவிட வயதில் இளையவர். தெருவே கூடி அவர் வாயைப் பார்த்தது.

"இந்தம்மாவுக்குச் சாப்பாடு யாரு கொண்டுவந்தா?"

ஒருவரும் கொண்டுவரவில்லை. எழவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் ஆக்கிக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் புகை இல்லை.

"எங்க புள்ளைல்லா சாமி செத்துருக்கான்? எங்க வீட்டு எழவுல நாங்க எப்படி அடுப்பு மூட்ட?" என்றாள் எதிர்வீட்டு மாடத்தி.

"எங்க வீட்டுலயும் அதான்" என்றது இன்னொரு குரல். கூட்டமே தலையாட்டியது.

சாமி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கும்பிடுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"அப்போ இந்த எழவுக்கு வெளியாள் நான் ஒருத்தன்தான்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடத்தி வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தார்.

வெள்ளைப்பாண்டிக்குச் சுர்ரென்று ஏறியது. "கஞ்சி காய்ச்சவா உங்களைக் கூப்பிட்டேன்? நாலு வார்த்தை சொல்லுங்க சாமி. எம் மானம் போகுது!"

"அரிசி எதுல இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."

கஞ்சி வந்தது. இசக்கியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாமி நீட்டிய கிண்ணத்தை இறக்கவே இல்லை. கிண்ணத்துச் சூட்டில் அவர் விரல்கள் சிவந்தன. கடைசியில் அவளுக்கே பாவமாகப் போய், வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"உப்பே போடலையே சாமி."

மகன் போனபிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது.

"சுயம்பு இருந்தா சட்டியோட கவுத்திருப்பான்" என்றாள்.

"கவுத்துட்டு அவனே வேற காய்ச்சித் தந்திருப்பான்லா மதினி?" என்று மாடத்தி உடைந்து அழுதாள்.

"என்னைய ஆஸ்பத்திரிக்கு முதுகுல சுமந்துட்டுப் போனவன்லா" என்றார் ஒரு பெரியவர்.

"சுமந்துட்டுப் போனதுக்குக் கூலியா உம்ம வெத்தலைப் பெட்டியப் புடுங்கிக்கிட்டான்லா, மாமா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அழுகைக்கு நடுவே சிரிப்பு வெடித்தது. ஆளாளுக்கு அவன் பேச்சையே பேசினார்கள். இசக்கியம்மாள் கேட்டுக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்தாள். மாடத்தி எழுந்துபோய் அடுத்த உலையை வைத்தாள்.

வெள்ளைப்பாண்டி துண்டால் கண்ணைத் துடைத்தார். ஆனாலும் வியாபாரி, கேட்ட சரக்கு கைக்கு வராமல் விடுவாரா? சட்டி கழுவிக்கொண்டிருந்த சாமியிடம் போய்க் குனிந்தார்.

"எல்லாம் சரி சாமி. அவன் ஏன் செத்தான்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சிருந்தா, சொல்லிட்டு அப்பவே கிளம்பியிருப்பேன்."