பல்லக்கில் வேண்டாத ஆள்

நாலு பேர் கூடி ஒரு வேலையைச் செய்தால், "இதில் உன் பங்கு என்ன?" என்று கேட்க ஐந்தாவதாக ஒருவன் வந்துவிடுகிறான். இந்தக் காலத்து மனிதர்கள் அப்படி. அவனுக்கு அதுதான் வேலை. முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கும் அந்தக் கேள்வி வந்தது. அதனால் முத்திருளன் பிழைப்புப் போகப் பார்த்தது.

முத்திருளன் ராஜாவின் பல்லக்குக்கு முன்னால் கம்போடு நடக்கிறவன். முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர் பல்லக்குத் தண்டைத் தோளில் தாங்குவார்கள். பின்னால் வருகிறவர்களுக்குப் பல்லக்கு மறைக்கும், தரை தெரியாது. "எடப்பக்கம் பள்ளம்... கல்லு... மேடு" என்று இவன் குரல் கொடுக்க, அவர்கள் கால் வைப்பார்கள்.

ஒருநாள் அந்தக் குரலில் ராஜாவின் தூக்கம் கலைந்தது.

"இவன் எதையும் சுமப்பதில்லை, மகாராஜா. வெறும் சத்தம்தான்" என்றார் மந்திரி வீரபாகு. முத்திருளனை அந்த வேலையில் சேர்த்துவிட்டவன், சபையில் வேடிக்கை பேசிச் சிரிக்கவைக்கும் விகடன் நல்லப்பன். நல்லப்பனைக் கண்டால் மந்திரிக்கு வயிறு எரியும்.

ராஜா நல்லப்பனை அழைத்தார். "பல்லக்கோடு போகிறவர்களில் எவன் இல்லாவிட்டாலும் பல்லக்கு தடையின்றிப் போகுமோ, அவனை இன்றே நீக்கு. தவறினால் நீயும் சபைக்கு வராதே."

"உத்தரவு, மகாராஜா. ஒவ்வொருவராக விலக்கிப் பார்க்கிறேன். விழுந்தால் அடிபடும், ஆகையால் மந்திரியார் உள்ளே அமரட்டும்."

பல்லக்கு ஆசை மந்திரிக்கு வெகுநாளாக உண்டு. சட்டென்று ஏறிக்கொண்டார்.

"நம்மள வச்சு அவுங்க வெளையாடுறாங்கடா" என்று முத்திருளன் முணுமுணுத்தான். "இந்த நல்லப்பனும் அரமணைச் சோறு திங்கிற ஆளுதான்."

தூக்குகிற எட்டுப் பேரையும் ஒருவர் மாற்றி ஒருவராக விலக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் தண்டு ஒரு பக்கம் சாய்ந்தது, பல்லக்கு நகரவில்லை. எல்லாரையும் சேர்த்துவிட்டு, முத்திருளனிடம் வாய் திறக்காதே என்றார்கள். முன்வரிசை பள்ளத்தைத் தாண்டியது. பின்வரிசை நேராக அதற்குள் இறங்கியது. மந்திரி தலைப்பாகை ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக உருண்டார்.

"இன்னும் ஒருவர்தான் பாக்கி" என்றான் நல்லப்பன் பணிவாக. "மந்திரியார் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும்."

முத்திருளன் குரல் கொடுத்தான். எட்டுப் பேரும் ஒரே காலாக எழுந்தார்கள். காலிப் பல்லக்கு மதிலை ஒரு சுற்றுச் சுற்றி ஓடிவந்து நின்றது.

"ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன், மகாராஜா. இவர் இல்லாவிட்டால் தடையின்றிப் போவது மட்டுமல்ல, ஓடவே செய்கிறது."

ராஜா மந்திரியைப் பார்த்தார், பல்லக்கைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லவேளை, நான் உட்காரவில்லை. வீரபாகு, இனி நீர் நடந்தே வாரும்." தம் பட்டுச் சால்வையை நல்லப்பனுக்குப் போர்த்தினார். ஒன்பது பேருக்கும் ஆயுள் உள்ளவரை வேலை என்றார்.

பின்வரிசைக்காரன் ஒருவன் முழங்காலில் மண்ணோடு வந்து முத்திருளன் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, ஒங்க சத்தம் இல்லைன்னா எங்க காலு எங்களுக்கே இல்ல."

"நீங்க தாங்கலைன்னா நான் தெருவுல கத்துற கிறுக்கன்டா" என்றான் முத்திருளன். நல்லப்பனைக் கையெடுத்துக் கும்பிட்டான். "ஒங்கள தப்பா நெனச்சேன் சாமி. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"அதுதான் ராஜாவே வாக்குக் கொடுத்துவிட்டாரே. இன்னும் ஏன் முகம் வாடியிருக்கிறது?" என்றான் நல்லப்பன்.

"சிரிச்ச வாயால சொன்னதுங்க. சிரிப்பு நின்ன பொறவும் அதையே சொல்றாரான்னு பாக்கணும்."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.