எலிகளுக்கு வாத்தியார் யார்?

முன்னொரு காலத்தில், படுக்கையறைக் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாளும் வெளியே ஒரு தாழ்ப்பாளும் போட்டு, இரண்டையும் நம்பாமல் கதவுக்குக் குறுக்கே ஒரு காவலாளையும் நிறுத்திவைத்த அரசன் ஒருவன் இருந்தான். காவலாள் விழித்திருக்கிறானா என்று பார்க்கத் தானும் விழித்திருப்பான். வல்லபராயன் என்று பெயர். அரியணை ஏறி ஏழு வருஷமாக அவன் ஒரு நாளும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. சிரிக்கும்போது கண் மூடிக்கொள்ளும். மூடிய நேரத்தில் யார் என்ன செய்வார்களோ.

தினமும் காலையில் சபை கூடியதும் ஒரு பெரிய வெள்ளி அண்டாவில் கஞ்சி வரும். முதலில் அறுபது சபையோரும் ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை குடிக்க வேண்டும். யாரும் சாகவில்லை என்று தெரிந்த பிறகு அரசன் குடிப்பான். குடித்துவிட்டு, "உப்பு எப்படி?" என்று கேட்பான். குடிக்காமல் குடித்ததுபோல் பாவனை செய்தவனுக்கு உப்பு தெரியாதல்லவா? அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கேள்வி. அறுபது பேரும் அரசன் முகத்தை ஒருமுறை பார்ப்பார்கள். பிறகு, "அளவாக இருக்கிறது, மகாராஜா" என்பார்கள்.

ஒரே ஒருவன்தான் மாற்றிச் சொன்னான். முதல் வருஷத்திலேயே, அரண்மனை விகடகவி செவத்தையா, "உப்பே இல்லையே மகாராஜா" என்றான். அறுபது நாக்கு ஒன்று சொல்ல ஒரு நாக்கு வேறு சொன்னால், அந்த நாக்கு கஞ்சியைத் தொடவில்லை என்றுதானே பொருள்? செவத்தையாவை ஆற்றுக்கு அக்கரைக்குத் துரத்திவிட்டான் அரசன். அக்கரையில் இருந்துகொண்டு அவன் சதி செய்யக்கூடாதே என்று, அவன் மகளை மட்டும் அரண்மனையிலேயே பிடித்து வைத்துக்கொண்டான். பத்து வயதுப் பிணைக்கைதிக்கு என்ன வேலை கொடுப்பது? அப்பன் வேலையையே கொடுத்தார்கள்.

அந்தப் பெண் அரியநாச்சி. இப்போது பதினேழு வயது. சபையில் அரசனைத் தவிர எல்லாரையும் சிரிக்கவைப்பாள். தினமும் கஞ்சி குடிப்பாள். தினமும், "அளவாக இருக்கிறது" என்பாள். சொல்லும்போதெல்லாம் அப்பா முகம் தொண்டையில் வந்து நிற்கும்.

அவளிடம் இரண்டு எலிகள் இருந்தன. குயவர் தெருவிலிருந்து குட்டியாக எடுத்து வளர்த்தவை. ஆண் சுக்கு, பெண் மிளகு. மிளகு கயிற்றின் மேல் நடக்கும், கைதட்டினால் தோளில் ஏறும், மூக்கைச் சொறிந்தால் கும்பிடும். அந்த வித்தைதான் அவளுக்கு வினையாக வந்தது.

ஒரு காலைவேளை, நெற்களஞ்சியத்து எலிகள் அரியணை மெத்தையைக் குடைந்து பஞ்சை இழுத்துப் போட்டிருந்தன. பொறி வைக்கவில்லையா என்று அரசன் கேட்டான். நூறு பொறி வைத்திருந்தது. அரசன் பட்டமேறிய நாளிலிருந்து, அவன் முத்திரை குத்திய மரப்பெட்டிப் பொறிகள். உள்ளே சுட்ட கருவாடு. முதல் வருஷத்தில் ஒரு நாளைக்கு இருநூறு எலி விழுந்தது. இப்போது மாதத்துக்கு ஒன்று விழுந்தால் அதிசயம். கருவாட்டைச் சுற்றி எலியின் காலடித் தடம் வட்டமாக இருக்கும். கருவாடு அப்படியே இருக்கும்.

"வாசனைக்கு வருகிறது. வந்து, யோசித்து, திரும்பிப் போகிறது," என்றான் அரசன் மெதுவாக. "எலி தானாக யோசிக்குமா? யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள்."

 தலைமை அமைச்சரான பிரதானி ஆராவமுதன் தொண்டையைக் கனைத்தார். அரசனுக்கு அடுத்த ஆசனம் அவருடையது. அந்த ஆசனத்துக்கு எதிரே ஒரு சிறு பெண் நின்று அரசன் காதில் விழும்படி பேசுவது ஏழு வருஷமாக அவருக்கு முள்.

"மகாராஜா, அடியேன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இந்த அரண்மனையில் எலிக்குக் கும்பிடக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர்தான் இருக்கிறார். கும்பிடக் கற்றுக்கொடுத்தவருக்கு, பொறியைத் தொடாதே என்று கற்றுக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

அறுபது தலையும் ஒன்றாக ஆடின. அரியநாச்சியின் இடுப்புப் பையில் மிளகு முண்டியது.

"அக்கரையில் அப்பன். இக்கரையில் மகள். நடுவில் ஆயிரம் எலி," என்றான் அரசன். "என் களஞ்சியம் காலியானால் அக்கரைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நீதானா அது?"

"மகாராஜா, நான் ரெண்டு எலிக்கு வித்தை சொல்லிக்கொடுக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு. ஆயிரம் எலிக்கு எனக்கு ஆயிரம் வருஷம் ஆகும். அதுக்குள்ள அதுங்களுக்கே வயசாயிடும்."

யாரும் சிரிக்கவில்லை.

"அப்படியென்றால் வேறொருவன் இருக்கிறான். ஒரு மண்டலம் தருகிறேன், நாற்பத்தெட்டு நாள். எலிகளின் வாத்தியாரை இந்தச் சபையில் கொண்டுவந்து நிறுத்து. அவனைப் பட்டத்து யானையின் காலில் இடுவேன். கொண்டுவராவிட்டால் அந்த இடத்தில் நீ."

 அரியநாச்சி ஒன்று கேட்டாள். "வாத்தியார் யாராயிருந்தாலும், எதுவாயிருந்தாலும் யானைக்காலா மகாராஜா? தண்டனை வாத்தியாருக்கு மட்டுந்தானா?"

"யாராயிருந்தாலும். எதுவாயிருந்தாலும். வாத்தியாருக்கு மட்டும்."

களஞ்சியத்தில் பொறி வைக்கிறவர் மாடக்கண்ணு. வாசலில் உட்கார்ந்து கருவாடு சுட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இங்க வராத தாயி. உன்கூடப் பேசுனேன்னு யாராச்சும் சொன்னா எனக்கும் யானைதான்."

"பேச வேணாம் மாமா. நான் கேக்குறேன், நீங்க கருவாட்டுக்கிட்ட பதில் சொல்லுங்க."

அவர் கருவாட்டைப் புரட்டினார். "கேளு."

"ஏழு வருஷமா ஏன் இதே கருவாடு? ஒரு நாளைக்குத் தேங்காச் சில்லு வெச்சுப் பாத்தா என்ன?"

"நான் எடுபிடியா இருந்தப்போ பொறி வெச்சவரு அதைத்தான் கேட்டாரு. 'இரையை ஏன் மாத்தணும்? தேங்காயில என்ன கலக்கப்போற?'ன்னு மகாராஜா கேட்டாரு. ஆளு இப்ப அக்கரையில இருக்காரு. நீ என்ன சொல்ற கருவாடு, மாத்தணுமா?" என்று கருவாட்டைக் கேட்டார். "வேணாமாம்."

அந்த நேரத்தில் மிளகு பையிலிருந்து குதித்தது. வாசனை அதன் மூக்கில் ஏறிவிட்டது. அரியநாச்சி கைதட்டினாள், மூக்கைச் சொறிந்தாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் மறந்து மிளகு நேரே போய்ப் பக்கத்துப் பொறிக்குள் நுழைந்தது. பலகை தட்டென்று விழுந்தது.

"ஆறு மாசத்துல இந்தப் பொறியில விழுந்த முதல் எலி," என்றார் மாடக்கண்ணு. "அதுவும் உன்னோடது. வாத்தியார் வீட்டுப் புள்ள மக்குங்கிறது சரியாத்தான் இருக்கு."

அரியநாச்சி பலகையைத் தூக்கி மிளகை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷம் பாடம் படித்த எலி விழுகிறது. ஒரு நாளும் பாடம் படிக்காத எலி விழவில்லை. இதில் வாத்தியார் எங்கே?

"மாமா, முதல் வருஷம் இருநூறு இருநூறா விழுந்துச்சே. எல்லா எலியுமா விழுந்துச்சு?"

"அது எப்பிடி? சிலது நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓடிவரும். சிலதுக்கு அந்தப் புகை நாத்தமே ஆகாது. மோந்துட்டு விலகிடும். மனுசன்ல இல்லையா, எனக்கே கருவாடு ஆகாது."

"விழுந்ததெல்லாம் எங்க?"

"ஆத்துல."

"விலகுனதெல்லாம்?"

மாடக்கண்ணு களஞ்சியத்துப் பக்கம் கை காட்டினார். "உள்ள. புள்ளகுட்டியோட."

அரியநாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரம் மிளகு ஐந்து குட்டி போட்டது. உமிக்குவியலுக்கு அடியில் களஞ்சியத்து எலி ஒன்றும் குட்டி போட்டிருந்தது. கண்கூடத் திறக்காத நான்கு குட்டிகளை மாடக்கண்ணு தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்து, கருவாட்டிடம் சொல்வதுபோல் அவளிடம் கொடுத்தார். அரியநாச்சி அவற்றின் வாலில் மஞ்சள் பூசி மிளகின் வயிற்றோடு சேர்த்துவைத்தாள். மிளகு ஒன்பதையும் நக்கிக்கொடுத்தது. எது தன் குட்டி, எது ஊரான் குட்டி என்று அது சந்தேகப்படவில்லை. அரண்மனையில் சந்தேகப்படாத தாய் அது ஒன்றுதான். குட்டிகள் ஒரே மூலையில் வளர்ந்தன. வாலில் மஞ்சள் மங்கினால் மறுபடி பூசினாள். கருவாட்டு வாசனையே அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டாள்.

நாற்பத்தெட்டாம் நாள். முற்றத்தில் பட்டத்து யானை நின்றது. அரியநாச்சி பட்டுத்துணி மூடிய ஒரு பொருளைச் சபை நடுவில் வைத்தாள். பக்கத்தில் ஒரு கூடை.

"வாத்தியார் இவ்வளவு குட்டையா?" என்றார் பிரதானி. இரண்டு பேர் சிரித்தார்கள். அரசன் முகம் மாறாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

அவள் துணியை எடுத்தாள். எலிப்பொறி. உள்ளே சுட்ட கருவாடு, மேலே அரச முத்திரை.

அரசனின் கண் சுருங்கியது. "அதில் என் முத்திரை இருக்கிறது. எலிகளுக்கு நான் பாடம் சொன்னேன் என்கிறாயா?"

"தண்டனை வாத்தியாருக்கு மட்டும்னு வாக்குக் கொடுத்திருக்கீங்க மகாராஜா. வெச்சவங்களுக்கு இல்ல." அவள் கூடைமேல் கை வைத்தாள். "கூடையில ஒன்பது குட்டி இருக்கு. ஒரே தாய்ப்பால், ஒரே மூலை. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூடப் பொறியைப் பாத்ததில்ல."

கூடையைத் திறந்தாள். வெறும் வால் குட்டிகள் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பொறிக்குள் பாய்ந்தன. மஞ்சள் வால் குட்டிகள் நான்கும் கிட்டே போயின, மோந்தன, வட்டமாகச் சுற்றின, விலகின.

சபை எட்டிப் பார்த்தது.

"வெறும் வால் அஞ்சும் மகாராஜா பொறியே வைக்காத குயவர் தெரு வம்சம். மஞ்ச வால் நாலும் களஞ்சியத்துப் பொறப்பு. கண்ணு திறக்கும் முன்னயே எடுத்து வந்தது. வளத்தவ என் மிளகு. அவளே பொறியில விழுந்தவ. இதுங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

"அவை எலியே அல்ல, மகாராஜா," என்றார் பிரதானி. "எலி உருவத்தில் வந்த வேறு ஏதோ. அக்கரைச் சூனியம்."

அரியநாச்சி ஒரு மஞ்சள் வாலையும் ஒரு வெறும் வாலையும் தூக்கிக்கொண்டு அவரிடமே போனாள். "எண்ணுங்க பிரதானி. முன்னங்கால்ல நாலு விரல், பின்னங்கால்ல அஞ்சு. பல்லைப் பாருங்க, காதைப் பாருங்க. இன்னும் ரெண்டு மாசம் விட்டா இதும் அதும் சோடி சேந்து உங்க மெத்தையிலயே குட்டி போடும். ரெண்டும் ஒரே சாதி எலிதான். வெளியில தெரியாத ஒண்ணுதான் வேற. கருவாடு புடிக்குமா புடிக்காதா, அவ்வளவுதான்."

பிரதானி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"முதல் வருஷம் புடிச்சதும் இருந்துச்சு, புடிக்காததும் இருந்துச்சு. புடிச்சதைப் பொறி எடுத்துக்கிச்சு. புடிக்காதது குட்டி போட்டுச்சு. குட்டி அம்மா மாதிரி. அதுலயும் கொஞ்சம் சபலம் இருந்ததைப் பொறி எடுத்துக்கிச்சு. ஏழு வருஷம்னா எலிக்கு முப்பது தலைமுறை மகாராஜா. எந்த எலியும் எதையும் கத்துக்கல. அரிசியைச் சல்லடையில சலிச்சா மேல நிக்கிறது பெருசா நிக்கும். சல்லடை அரிசிக்குப் பெருசாகுன்னு பாடம் சொல்லுச்சா?"

 அரசன் கையை அசைத்தான். குட்டிகளை எடுத்துவிட்டு, பொறியை முற்றத்தில் வைத்தார்கள். யானை காலை வைத்தது. நொறுங்கிய சத்தம் சபைவரை கேட்டது.

அரியநாச்சி கும்பிட்டுவிட்டு நகரப் போனாள்.

"நில்," என்றான் அரசன்.

அவன் பார்வை அவள்மேல் இல்லை. அறுபது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் எலிகளுக்கு மட்டுமா பொறி வைத்தேன்?"

அவள் பார்வை கஞ்சி வரும் வாசலுக்குப் போனது. 

அன்றைய கஞ்சி வந்தது. எல்லாரும் ஒரு சிரட்டை குடித்தார்கள். அரசன் மேலாடையை எடுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டு, அதற்குள்ளேயே குடித்தான். மூடியபடியே கேட்டான். "பிரதானி, உப்பு எப்படி?"

ஆராவமுதன் துணியைப் பார்த்தார். துணியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வழக்கமான பதிலே இன்று பொறியாகிவிடுமோ? காலிச் சிரட்டையை மோந்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். அறுபது பேரும் மோந்தார்கள், திரும்பினார்கள், விலகினார்கள். மஞ்சள் வால் மட்டும்தான் இல்லை.

"அரியநாச்சி?"

அப்பா முகம் தொண்டைக்கு வந்தது. இந்த முறை அவள் அதை விழுங்கவில்லை.

"உப்பு இல்லைங்க மகாராஜா. துளிகூட இல்ல. ஏழு வருஷமாவே இல்ல."

சமையற்காரனைக் கூப்பிட்டார்கள். அவன் வாசலிலேயே விழுந்தான். "மகாராஜா, செவத்தையா சொன்ன அன்னைக்கு நெசமாவே உப்புப் போட மறந்துட்டேன். எல்லாரும் அளவா இருக்குன்னுட்டாங்க. மறுநாள் போட்டா, ருசி ஏன் மாறுச்சு, என்ன கலந்தேன்னு கேப்பீங்களேன்னு பயந்து போடல. அப்புறம் அப்படியே..."

மேலாடை குலுங்கியது. அழுகிறானோ என்று பார்த்தார்கள். முகத்தை எடுத்தபோது அரசன் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான். "ஏழு வருஷம். அறுபது பேர் சரி என்கிறார்களே என்று என் நாக்கின் மேலேயே சந்தேகப்பட்டேன்."

முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். "இன்னும் என்ன வேண்டும்?"

"அக்கரையில இருக்குறவங்க எல்லாரும் திரும்பி வரணும் மகாராஜா."

"வருவார்கள். இந்தப் பிரதானியை அக்கரைக்கு அனுப்பிவிடட்டுமா?"

"வேணாம் மகாராஜா. இவரைப் புடிச்சுட்டா, இவரைவிடச் சூட்டிகையானவருதான் மிச்சம் நிப்பாரு."

அரசன் மறுபடியும் சிரித்தான். வாரம் ஒருமுறை பொறியில் இரை மாற்றுகிற வேலையைப் பிரதானிக்கே கொடுத்தான்.

மூன்றாம் நாள் செவத்தையா ஆறு கடந்து வந்தான். தலை நரைத்திருந்தது. மகள் தலையில் கை வைத்தான். கஞ்சி வந்தது. "முதலில் நீ சொல், உப்பு எப்படி?" என்றான் அரசன். அறுபது பேரும் மூச்சைப் பிடித்தார்கள்.

செவத்தையா ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தான். "அன்னைக்கு விட்ட உப்பு அத்தனையையும் இன்னைக்கே போட்டுட்டான் மகாராஜா."

அரசன் சிரித்த சிரிப்பில் களஞ்சியத்து எலிகள்கூட ஒரு கணம் கொறிப்பதை நிறுத்தின. அன்று இரவு அவன் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்தான் போட்டான்.