சாமிக்கு ஒரு சீட்டு

பொன்னாழிக் கோட்டைக்குள் யாரும் எந்தச் சாமியையும் கும்பிடலாம். வெளியூர்க்காரர் மட்டும் ராஜாவின் சாமியைக் கும்பிட்டால்தான் உள்ளே விடுவார்கள். அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன தங்கையைப் பார்க்கச் சபூரா பீவி வருஷா வருஷம் பெருநாளுக்குத் தொதல் அல்வா கிண்டி எடுத்துவருவாள். பன்னிரண்டு வருஷமும் வாசலோடு திரும்பிப் போனாள்.

இந்த வருஷம் வாசல் அதிகாரி தாண்டவராயர் மீசையை முறுக்கினார். "உன் சாமியை இங்கேயே விட்டுட்டு உள்ளே போ!"

"சரிங்க ஐயா. வாசல்ல எதை வாங்கி வச்சாலும் நீளமும் எடையும் எழுதிச் சீட்டுக் கொடுப்பீங்களே, அதைக் கொடுங்க."

தாண்டவராயர் எழுத்தாணியை எடுத்தார். ஓலையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"அளக்க முடியாத ஒண்ணையா ஐயா இத்தனை வருஷமா மறிச்சீங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கதவைத் திறக்கச் சொன்னார்.

"லாத்தா!" என்று அக்காவைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். நரைத்த தலை. சபூராவுக்கு அடையாளம் தெரியவில்லை.