வேண்டுதல் நோட்டும் ஓலைத் தட்டியும்

கிட்ட வந்து உட்காருங்கள். உரக்கச் சொல்லுகிற கதையில்லை இது.

"உள்ளதைச் சொன்னது ஒரு குத்தமா சாமி?"

கேட்டவர் வைரக்கண்ணு. தாலுக்கா ஆபீசில் தலை நரைத்து, ஓய்வு பெற்று, மலையடி மடத்தில் சீடராகச் சேர்ந்தவர். மடத்துச் சாமிக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

மடத்தில் ஒரு வேண்டுதல் நோட்டு உண்டு. வருகிறவர்கள் பேர், விலாசம், போன் நம்பர், மனக்குறை எல்லாம் அதில் எழுதிவைப்பார்கள். சாமி விளக்கு முன்னால் வாய்க்குள்ளேயே படித்துவிட்டு மூடிவிடுவார்.

வைரக்கண்ணு என்ன செய்தார்? பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் ஏற்றிவிட்டார். மடத்துப் பெருமை நாலு பேருக்குத் தெரியட்டுமே என்றுதான்.

அன்று காலை செண்பகவடிவு ஓடிவந்தாள். அடித்து நொறுக்குகிற புருஷனுக்குத் தெரியாமல் வேற்றூரில் பிழைக்கிறவள். நோட்டில் அந்த ஊர் விலாசம் இருந்தது.

"எடுத்திருங்கய்யா. அந்தாளு இன்னும் பாக்கலை. பாத்தா நாளைக்கே வாசல்ல நிப்பான்."

"நீ எழுதினதுதானேம்மா? ஒரு எழுத்து நான் கூட்டலையே."

இந்த வழக்கைத்தான் சாமியிடம் கொண்டுவந்திருந்தார்.

சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. போய்க் குளிச்சிட்டு வாங்க."

கிணற்றடியில் குளிக்கிற இடத்துக்கு ஓர் ஓலைத் தட்டிதான் மறைப்பு. தட்டிக்கு அந்தப் பக்கம் அன்னதான வரிசை.

வைரக்கண்ணு வேட்டியையும் போனையும் தள்ளியிருந்த கல்லில் வைத்துவிட்டு, கோவணத்தோடு குந்தி, கண்ணை இறுக்கிக்கொண்டு சோப்புப் போட்டார்.

திடீரென்று காற்று சில்லென்று அடித்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கண்ணைத் திறந்தால் தட்டியைக் காணோம். சாமி அதைப் பெயர்த்து வேப்பமரத்தில் சாத்திக்கொண்டிருந்தார்.

"சாமி! தட்டி! ஜனங்க பாக்குதே!"

"பாக்கட்டுமே. நான் எதையும் கூட்டலையே."

"ஐயோ, மானம் போகுது சாமி!"

வரிசையே கழுத்தை நீட்டியது. அதன் கடைசியில் செண்பகவடிவும் நின்றாள். அவள் ஒருத்திதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வைரக்கண்ணு அதைப் பார்த்தார்.

அப்புறம் கத்தவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"கொடுங்க சாமி."

"தட்டியா?"

"அது இருக்கட்டும். மொதல்ல போனு."

சாமி கொண்டுவந்து கொடுத்தார். கை முழுக்க நுரை. தொட்டால் போன் கேட்கவில்லை.

சாமி குனிந்து, தன் துண்டால் அவருடைய கட்டைவிரலை மட்டும் துடைத்துவிட்டார்.