இசக்கிக்குப் போட்ட மாலை

சுடலைமுத்துவுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்று, ‘நீ ஏன் மருத்துவராக வேண்டும்?’ என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தது. எழுதியதெல்லாம் உண்மை என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குக் கடைசி நாள். அவனும் மாய்ந்து மாய்ந்து எழுதி, படித்து முடித்த பள்ளிக்கே போய் விலங்கியல் மரகதம் டீச்சரிடம் நீட்டினான். டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“ஏல, உன் தங்கச்சி இசக்கி மூளைக்காய்ச்சல்ல செத்துட்டான்னு எழுதியிருக்க?”

“ஆமா டீச்சர்.”

“அவ இப்பத்தான் இங்க வந்து சாக்பீஸ் வாங்கிட்டுப் போனா.”

“காய்ச்சல் வந்தது நெசந்தான டீச்சர்! பெரியாஸ்பத்திரியில காப்பாத்திட்டாங்க. பொழைச்சுட்டான்னு எழுதுனா எவன் சீட்டு குடுப்பான்? ஒரு சாவு இருந்தாத்தான் இதைப் படிக்கவனுக்கு மனசு இளகும்னு ஏஜெண்டு அண்ணாச்சியே சொல்லுதாரு. அவனவன் என்னென்னமோ அளந்து விடுதான். நான் எழுதுன ஒரு வரிதான் உங்க கண்ணை உறுத்துதாக்கும்?”

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

“போன்ல அவ போட்டோ இருக்கா? எடு.”

எடுத்துக் கொடுத்தான். ரெட்டைச் சடையும் தெற்றுப்பல்லுமாக இசக்கி சிரித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் போனை மேஜைமேல் சாய்த்து வைத்தார். சுவரில் இருந்த, காலஞ்சென்ற பள்ளி நிறுவனரின் படத்திலிருந்து சந்தன மாலையைக் கழற்றினார். அதைப் போனுக்குப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார்.

சுடலைமுத்து அலறினான்.

“டீச்சர்! என்ன காரியம் பண்ணுதிய? உசுரோட இருக்க பிள்ளைக்கு மாலை போடுதியளே, நல்லாருப்பியளா? எங்கம்மா பார்த்தா நெஞ்சு வெடிச்சிரும்!”

பாய்ந்து மாலையைப் பிடுங்கி எறிந்தான். போனைச் சட்டையில் துடைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது. பெரியவர் என்றும் பாராமல் டீச்சரை முறைத்தான்.

டீச்சர் அவன் எழுதிய தாளை அவன் பக்கம் தள்ளினார். பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தார்.

“நான் போட்டதைக் கழத்திட்ட. நீ போட்டது இதுல கிடக்கு. அதையும் கழத்து, கையெழுத்துப் போடுதேன்.”