வராத விருந்தாளிக்குப் போட்ட இலை

முன்ன ஒரு காலத்துல செம்பாறை நாட்ட வல்லயதேவன்னு ஒரு ராஜா ஆண்டாரு. அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் சர்வர் ஏதுன்னு கேக்காதீங்க. ராஜாவ நம்புறீங்கல்ல, சர்வரையும் சேத்து நம்புங்க.

நாட்டுக்கு ஒரே ஆறு, ஒரே அணை, அரண்மனையில ஒரே சர்வர். மழைக்காலத்துல கீழ இருக்குற முப்பத்தாறு ஊர்த் தலைவருங்களும் போன்ல அதத்தான் கேப்பாங்க. ஷட்டர் எப்பத் திறக்குறீங்க, எந்த வழியா மேட்டுக்குப் போகணும்? அது சொல்லும், ஊரு கெளம்பும்.

அன்னைக்கு அணையில விளிம்பு வரைக்கும் தண்ணி. மூணு மணிக்கு ஷட்டரத் திறக்கலேன்னா அணையே போயிடும். அதுக்குள்ள ஜனம் மேட்டுக்கு ஏறலேன்னா ஊரு போயிடும். காலைல பத்து மணிக்கு சர்வர் வாய மூடிக்கிச்சு.

மந்திரி சேந்தன் சபைக்கு ஓடி வந்தாரு. "மகாராஜா, சர்வர் சாகல, திணறுது. பக்கத்து நாட்டுக்காரன் பொய் விலாசத்துலேருந்து நொடிக்கு ஆயிரம் தடவ 'உள்ள வரேன்'ங்கிறான். நம்ம சர்வர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடத்தப் புடிச்சு வெச்சு, 'வாங்க'ன்னு சொல்லிட்டுக் காத்திருக்கு. எவனும் வரல. இடம் ரொம்பிப் போச்சு. நம்ம ஊர்க்காரங்க வெளிய நிக்குறாங்க."

விருந்துமுறை அதிகாரி குணபாலர் தொண்டையக் கனைச்சாரு. சேந்தனக் கண்டாலே அவருக்கு ஆகாது. சர்வருக்கும் சட்டம் போட்டது அவருதான். "இடத்தக் கூட்ட வேண்டியதுதானே, மந்திரி?"

"கூட்டினேன். கால் மணில ரொம்பிடுச்சு."

"பொய் விலாசமெல்லாம் தெக்கதானே, அப்ப தெக்கேருந்து வர்ற அத்தன பேரையும் தடுத்துடும்."

"நம்ம முப்பத்தாறு ஊரும் தெக்கதான் இருக்கு, ஐயா."

சபையில ஒருத்தன் சிரிச்சுட்டு, இருமின மாதிரி காட்டிக்கிட்டான்.

சேந்தன் விடல. "சர்வர ஓட்டுற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துலயே இதுக்கு ஒரு வழி இருக்கு, மகாராஜா. இவருதான் அத அணைச்சு வெக்கச் சொன்னாரு."

"ஆமா, சொன்னேன்! அதப் போட்டா வரேன்னவருக்கு இடம் புடிக்காது, வெறும் சீட்டுதான் குடுக்கும். வரேன்னு சொன்னவருக்கு இலை போட்டு வெக்கிறது நம்ம நாட்டு வழக்கம். அவரு வர்ற வரைக்கும் அந்த இலையில வேற யாரும் உக்காரக் கூடாது. சர்வர்னா மட்டும் மரியாதை இல்லாமப் போயிடுமா?"

ராஜாவுக்கு மரியாதைன்னா உசுரு. "என் முத்திரை போட்ட சட்டம்யா அது. மாத்தணும்னா எனக்குப் புரியணும். புரியல. பசிக்குது. மந்திரி, மூணு மணிக்குள்ள சர்வர் பேசலேன்னா, ஷட்டர் திறக்கும்போது நீருதான் கடைசி ஊரு நாணமேட்டுல போய் நிக்கணும்."

சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டாரு. மணி பதினொன்ற.

சேந்தன் வாசக்காவலன் முத்திருளனக் கூப்பிட்டாரு. "உனக்கு எத்தன குரல் வரும்?"

"கூத்துல வேஷம் கட்டினவன் சாமி. எத்தன வேணும்?"

"நாப்பது."

சாப்பாட்டுக் கூடத்துல நாப்பது இலைக்குத்தான் இடம்.

ராஜா குளிச்சுட்டு வர்றப்ப மணி பன்னெண்டரை. நாப்பது இலை, நாப்பதுலயும் சோறு, ஆவி பறக்குது. ஒரு ஆளு இல்ல. ராஜா முத இலையில உக்காரக் குனிஞ்சாரு.

குணபாலர் பதறிட்டாரு. "மகாராஜா! அது பூங்குளத்துப் பண்ணையாருக்குப் போட்டது."

"இது?"

"அவரு மச்சானுக்கு."

"நான் எங்கய்யா உக்கார்றது?"

"அவங்க வந்துட்டுப் போனதும்..."

"எப்ப வருவாங்க?"

"வரேன்னு சொன்னாங்க."

சட்டம் ராஜாவோடது. அவரே மீற முடியல. ஒரு மணி வரைக்கும் சாம்பார் வாசத்த மோந்துக்கிட்டு நின்னாரு. வெளிய மழை கொட்டுது. சேந்தன் மெல்ல முன்னால வந்தாரு.

"விருந்தாளிங்க நாப்பது பேரையும் கூப்பிடட்டுமா, மகாராஜா?"

முத்திருளன் நனஞ்சுபோய் உள்ள வந்தான். வெளியேருந்து 'வரேன்'னு சொன்ன அதே குரல்கள்ல பண்ணையாராப் பேசினான், மச்சானாப் பேசினான், மச்சானோட அத்தையாவும் பேசினான்.

ராஜா இலைங்களப் பாத்தாரு, அவனப் பாத்தாரு. "ஒரே ஆளா?"

"சர்வர்லயும் இதேதாங்க, மகாராஜா. உங்கள மாதிரியே முப்பத்தாறு ஊரு வெளிய நிக்குது."

"குணபாலர் சீட்டுன்னாரே, அது என்ன, மந்திரி?"

"வரேன்னு ஒருத்தன் சொன்னதும் இலை போடறதில்ல. அவன் விலாசம், நேரம், நமக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசியம், மூணையும் கலந்து ஒரு அடையாளம் போட்டு, சீட்ட அந்த விலாசத்துக்கே அனுப்பிடுவோம். அதோட அவன மறந்துடலாம். நெஜ ஆளுன்னா சீட்டோட திரும்பி வருவான். அடையாளத்தச் சரி பாத்து அப்ப இலை போடுவோம். பொய் விலாசத்துக்குப் போன சீட்டு போனதுதான்."

"யோவ், முத்திரையக் கொண்டாங்கய்யா!"

ஒண்ணே காலுக்கு அந்த வசதியப் போட்டாங்க. பொய்க் கூப்பாடு நிக்கல. ஆனா அதுக்கு இடம் புடிக்கிற வேலையும் இல்ல. நெஜ ஊருங்க உள்ள வர ஆரம்பிச்சுது. ஒண்ணு, அஞ்சு, இருபது. ரெண்டரைக்கு முப்பத்தஞ்சு.

நாணமேடு வரல.

ரெண்டே முக்கால். ராஜா இன்னும் சாப்பிடல, பசியும் மறந்துபோச்சு. "அந்த ஊர்ல யாருய்யா தலைவரு?"

"வேலாத்தான்னு ஒரு அம்மா."

ரெண்டு அம்பதுக்குத் திரையில ஒரு சீட்டு திரும்பி வந்துது. அடையாளம் சரி. பின்னாடியே எழுத்து: 'நாணமேடு. காலைலேருந்து கேக்குறேன், அரண்மனையில ஆளே இல்லையா? மூட்டையோட நிக்குறோம். பாலத்து வழியா, பாறை வழியா?'

ஷட்டர் திறந்தா முழுகிடுற பாலம் அது. 'பாறை'ன்னு சர்வர் சொல்லிடுச்சு.

மூணு மணிக்கு ஷட்டர் திறந்துது. மூணேகாலுக்கு இன்னொரு எழுத்து: 'எல்லாரும் ஏறிட்டோம். ஒரு ஆடு அடம் புடிச்சுது. அதையும் ஏத்தியாச்சு.'

ராஜா தன் மோதரத்தக் கழட்டி சேந்தனுக்குப் போட்டாரு, முத்திருளனத் தன் பக்கத்துல உக்காரவெச்சு சாப்பிட்டாரு. குணபாலருக்கும் ஒரு வேலை குடுத்தாரு. "வராத விருந்தாளிங்க நாப்பது பேருக்கும் நீரே இலை போட்டு, மூணு நாளைக்கு விசிறி வீசும். மரியாதை கொறையக் கூடாது."

மூணாவது நாள் நன்றி சொல்ல வேலாத்தா நேர்ல வந்தாங்க. ஒரு நெஜ ஆளக் கண்டதும் குணபாலர் விசிறியோட ஓடினாரு. "வாங்கம்மா, வாங்க! உங்களுக்குத்தான் இலை போட்டு வெச்சிருக்கு!"

அந்தம்மா நாப்பது இலையையும் ஒரு பார்வை பாத்தாங்க. "நான் வரேன்னே சொல்லலியே, ஐயா!"

அவங்க உக்காந்து சாப்பிட்டாங்க. நாமளும் எந்திரிச்சுப் போய் சாப்பிடுவோம்.