திரைக்குப் பின்னால் ஒரு கை

ஒரு ஜமீனில் திருமேனிப் பண்டிதர் என்றொரு வைத்தியர் இருந்தார். அரண்மனைப் பெண்களைத் தொடக்கூடாது. அதனால் நோயாளியின் கையில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைத் திரைக்கு வெளியே பிடித்துக்கொண்டு நாடி சொல்லுவார்.

ஜமீன்தாரின் மகள் குமுதவல்லி எட்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

"வெறும் சூடு. மோர் கொடுங்கள்" என்றார் பண்டிதர்.

வேலைக்காரி சடைச்சி கைகட்டிச் சொன்னாள்: "என் தங்கச்சி பேச்சிக்கும் இதே காய்ச்சல்தானுங்க. நீங்க சொன்ன மோரைக் குடிச்சிட்டுச் சாகக் கிடக்கா."

பண்டிதருக்குக் கோபம் தலைக்கேறியது. "என் நாடி பொய்யென்று நாளைக்குள் நிரூபி. இல்லாவிட்டால் உன் நாக்கு உனக்கில்லை!" ஜமீன்தாரும் தலையாட்டினார்.

மறுநாள் காலை சடைச்சி திரைக்குள்ளிருந்து நூலை நீட்டினாள். உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஊதுவத்தி வாசனையை மீறி வேறேதோ வாடை வந்தது. பண்டிதர் கண்களை மூடிக்கொண்டார்.

"நாடி குதிரையாக ஓடுகிறது. பொழுது சாய்வதற்குள் எழுந்து நடப்பாள்."

சடைச்சி திரையை விலக்கினாள். தாடையைத் துணியால் கட்டி, பேச்சியைக் கிடத்தியிருந்தது. நூல் அவளது விறைத்த மணிக்கட்டில் இருந்தது.

"விடியற்காலையிலேயே போயிட்டாளுங்க" என்றாள் சடைச்சி.

பண்டிதர் நூலைக் கீழே போட்டார். ஜமீன்தார் உடனே வேறு வைத்தியருக்கு வண்டி அனுப்பினார். குமுதவல்லி பிழைத்தாள்.

சடைச்சி நகரவில்லை. "எழுந்து நடப்பான்னு சொன்னீங்களே சாமி. நடக்கலைன்னா நீங்கதான் தூக்கணும்."

பொழுது சாய்ந்தது. பேச்சியின் பாடையைத் தூக்கிய நால்வரில் ஒருவர் பண்டிதர்.